தெளிந்த நீரும் மீனின் ரத்தமும்

ஒரு ஜிலேபி கெண்டையின் வாலோரத்தில் ஊசி வைத்து எடுத்த ஒரு சொட்டு ரத்தம் போதும். அதைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, உலர்த்தி, ஜீம்சா சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கலாம். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. மீனின் சிவப்பணுவில் உண்டு. அந்த உட்கருவுக்குப் பக்கத்தில் கடுகுபோல இன்னொரு புள்ளி ஒதுங்கிக் கிடந்தால், செல் பிரிந்தபோது குரோமோசோம் உடைந்தோ வழிதவறியோ போயிருக்கிறது என்று பொருள். நல்ல தண்ணீரில் வளர்ந்த மீனிலும் அபூர்வமாக இது தென்படும். அதனால்தான் ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ணி ஒப்பிட வேண்டும். இதுவே நுண் உட்கரு சோதனை. இதற்குப் பொறுமைதான் அதிகம் வேண்டும். பணம் அவ்வளவு வேண்டாம்.

ஆனால், திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைப் பற்றி நாம் இத்தனை ஆண்டுகள் பேசியது உப்பையும் நிறத்தையும்தான், உயிரணுவை அல்ல. அதன் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானது. கிணறுகள் உப்பேறின, தென்னைகள் காய்ந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயக்கழிவுக்கு எதிராக விவசாயிகள் நடத்திய போராட்டம் நூற்றுக்கு நூறு நியாயமானது. ஆனால், லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற உப்பு வரம்பைத் தாண்டாத நீர், உயிரணுவையும் தொடாது என்று யார் சொன்னார்கள்?

பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் கிறிஸ்தைஸ் ஆற்றில் சாய ஆலைக் கழிவு கலந்தது. அந்த ஆற்றுநீரைத்தான் சுத்திகரித்துக் குடிநீராக வழங்கினார்கள். குளோரின் நிறத்தைப் போக்கியது. மரபணுவை மாற்றும் தன்மையை முழுதாகப் போக்கவில்லை. ஆலைக் கழிவைக் கலந்த நீரைக் குடித்த எலிகளின் பெருங்குடலில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் கூடின.

அங்கே சிக்கியவை டிஸ்பெர்ஸ் சாயங்கள், பாலியஸ்டருக்கு உரியவை. திருப்பூரின் பருத்திக்கு ஏற்றுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். ஆகவே அந்த முடிவை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. நம் தண்ணீரை நாம்தான் சோதிக்க வேண்டும்.

சாயத்தைச் சோதனைக்குழாயில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லவும் முடியாது. குடலின் பாக்டீரியாவும் கல்லீரலும் அசோ வகைச் சாயங்களின் நைட்ரஜன் பிணைப்பை உடைக்கின்றன. அப்போது பிறக்கும் அமீன்களில் சில, மூலச் சாயத்தைவிடக் கொடியவை. பென்சிடின் அவற்றில் ஒன்று. மனிதருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றை உண்டாக்கும். சாய ஆலைத் தொழிலாளர்களிடம் அந்தப் புற்று இருப்பதை ஜெர்மனியின் அறுவை மருத்துவர் லுட்விக் ரென் 1895-லேயே எடுத்துச் சொன்னார். இந்தியா 112 சாயங்களைத் தடை செய்தது 1990-களில்தான். அந்தப் பட்டியலும் தனித்தனிச் சாயங்களுக்கானது. பட்டறைக் கழிவோ பல சாயங்களின் கலவை.

இந்தச் சோதனைகளுக்காக உயிர்களை வதைக்கலாமா என்று கேட்பவர்களின் கவலை உண்மையானது. மரபணு மாற்றத்தைப் பாக்டீரியாவில் பார்க்கும் ஏம்ஸ் சோதனையை முதலில் வைத்துக்கொண்டால் எலிகளின் தேவை வெகுவாகக் குறையும். ஆற்றில் ஏற்கெனவே வாழும் மீனிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டுத் திரும்ப நீரில் விடலாம்.

வெள்ளியங்கிரி அடிவாரம், திருப்பூருக்குக் கீழே, ஒரத்துப்பாளையம், ஆறு காவிரியில் கலக்கும் நொய்யல் கிராமம் என நான்கு இடங்களில், ஆண்டுக்கு இருமுறை இந்தச் சோதனையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்த வேண்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி, கரையோர ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும்.