சர்டிபிகேட்டுக்குக் கிராக்கி; ஆளுக்கு இல்லை!

டாக்டர் வீட்டுப் படியை மிதிக்காதவர் உண்டு. மருந்துக் கடைப் படியை மிதிக்காதவர் இல்லை. சிவகாசி வட்டாரத்துக்கு இந்தப் பேச்சு நன்றாகவே பொருந்தும். பட்டாசு ஆலைக்கும், தீப்பெட்டி ஆலைக்கும், அச்சகத்துக்கும் போகிறவர்களுக்கு வேலை செய்தால்தான் கூலி. ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நின்றால் அரை நாள் கூலி போயிற்று. ஆகவே இடுப்பு வலியானாலும், இருமலானாலும், கை பொசுங்கினாலும் அவர்கள் முதலில் போய் நிற்பது மருந்துக் கடையில்தான்.

அந்தக் கடையில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறவர் யார்? அவருக்குச் சம்பளம் என்ன? இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றே.

டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கவோ, எடுத்துக் கொடுக்கவோ பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உரிமை உண்டு என்று 1948-ஆம் வருஷத்து பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. பழைய நாளில் ‘கம்பவுண்டர்’ என்று அழைக்கப்பட்ட தொழில், இன்று படித்துப் பட்டம் வாங்கினால்தான் கிடைக்கும். டிப்ளமாவுக்கு 2 வருஷம். அதன்மேல் 500 மணி நேரப் பயிற்சி. பி.பார்ம் என்றால் 4 வருஷம். விருதுநகர் மாவட்டத்திலேயே கிருஷ்ணன்கோவிலில் இதற்குக் கல்லூரி இருக்கிறது. “ஆலை வேலை எங்களோடு போகட்டும்” என்று நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் இங்கே ஏராளம்.

சட்டமே கட்டாயமாக்கிய உத்தியோகம். தெருவுக்குத் தெரு மருந்துக் கடை. இப்படியிருக்க, அந்த உத்தியோகத்துக்குக் கைநிறையச் சம்பளம் கிடைக்க வேண்டாமா?

ஒரே படிப்பு, இரண்டு சம்பளம்

2022-ல் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 889 மருந்தாளுநர் வேலைகளுக்கு அறிவிப்பு வெளியிட்டது. ஆரம்பச் சம்பளம் மாதம் 35,400 ரூபாய், பஞ்சப்படி தனி. ஆனால் அந்த 889 இடங்களும் தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான். இடம் கிடைக்காதவர்கள் தனியார் கடை வாசலைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். நாளுக்கு 10 மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் என்றால் 260 மணி நேரம். மணிக்கு 46 ரூபாய்! வீட்டு வாடகை, பால், பள்ளிக்கூடப் பீஸ், கடையிலிருந்து வீடு போய்ச் சேரும் பஸ் காசு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பருப்பு, எண்ணெய், வத்தல், மல்லி விலையைத் தமிழ்நாட்டுக்கே சொல்லும் ஊர் விருதுநகர். அந்த மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாலும் மருந்தாளுநருக்கு யாரும் பருப்பைச் சலிசாகக் கொடுத்துவிடுவதில்லை.

கிராக்கி இருந்தும் கூலி ஏறாதது ஏன்? கிராக்கி ஆளுக்கு அல்ல, அவருடைய சர்டிபிகேட்டுக்கு! லைசென்ஸ் வாங்க ஒரு பெயர் வேண்டும். மாதா மாதம் சிறு தொகை கொடுத்துச் சர்டிபிகேட்டை வாடகைக்கு எடுத்து, சுவரில் மாட்டிவிட்டு, படிக்காத பையனைக் கொண்டு வியாபாரம் நடத்தும் கெட்ட வழக்கம் நாடெங்கும் உண்டு. காகிதம் மலிவாகக் கிடைக்கும்போது, முழு நாளும் நிற்கும் மனிதருக்கு முழுச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுகிறவர், தம்முடைய கூலியை மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை. தம்மோடு படித்த அத்தனை பேருடைய கூலியையும் குறைக்கிறார்.

படித்து வருகிறவர்களின் தொகையும் பெருகுகிறது. புதிய பார்மசி கல்லூரிகளுக்கு 5 வருஷம் தடை என்று 2019-ல் இந்திய பார்மசி கவுன்சில் முடிவு செய்தது. வெறும் நிர்வாக உத்தரவால் அப்படித் தடுக்க முடியாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

கடைக்காரர் கணக்கு

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. விலைக்கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கும்போது, 2013-ஆம் வருஷத்து உத்தரவுப்படி சில்லறைக் கடைக்குச் சேர்க்கும் லாபம் 16 சதவீதம். அதிலிருந்துதான் வாடகையும், மின்சாரக் கட்டணமும், சம்பளமும் வர வேண்டும். பெரிய கம்பெனிக் கடைகளும் இன்டர்நெட் வியாபாரமும் தள்ளுபடி என்று கூவும்போது, சின்னக் கடை முதலில் கை வைப்பது சம்பளத்தில்தான்.

ஆனால் அதற்கு விலை கொடுக்கிறவர் நோயாளி. வயிற்றுப் புண் உள்ளவருக்கு எந்த வலி மாத்திரை ஆகாது, இரண்டு பெயரில் இருக்கும் மாத்திரைகளுக்குள் ஒரே மருந்தா, ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தலாமா என்பதெல்லாம் படித்தவருக்குத்தான் தெரியும். காசநோய் மருந்துகளுக்கும் சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எழுதிய தனிப் பதிவேட்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் விதி. சுவரில் தொங்கும் சர்டிபிகேட் பதிவேடு எழுதுமா?

என்ன வழி?

முதலாவது, சோதனைக்கு வரும் அதிகாரி சுவரைப் பார்த்துத் திரும்பக் கூடாது. ஆளைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2009 முதல், அந்த நேரத்தில் பொறுப்பில் இருக்கும் மருந்தாளுநரின் பெயரையும் பதிவு நம்பரையும் கடையில் எழுதி வைக்க வேண்டும். இங்கேயும் அப்படி நேரத்துக்கு நேரம் பெயர் மாற்றும் பலகை வைத்தால் கேட்பதற்கு ஜனங்களுக்குத் தைரியம் வரும்.

இரண்டாவது, லைசென்ஸில் பெயர் உள்ள மருந்தாளுநருக்கு முழுச் சம்பளம் பாங்கி மூலம் போனதற்கு அத்தாட்சி காட்டினால்தான் லைசென்ஸ் நீடிக்கும் என்று ஆக்க வேண்டும். வாடகைச் சர்டிபிகேட்டின் வேர் அங்கேதான் அறும்.

மூன்றாவது, கடை வைக்க விரும்புகிறவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும். 2025 பிப்ரவரி 24-ல் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. தொழில் முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் என்பது நல்ல ஆரம்பம். கடை நிலைத்து நிற்கிறதா என்று வருஷா வருஷம் கவனிப்பதும் சர்க்காரின் கடமை.

1948-ல் சட்டம் கேட்டது ஒரு மனிதரை. அந்த மனிதருக்கு வயிறு நிறையும்படி சம்பளம் கொடுக்காமல் சட்டம் நிறைவேறாது. மாத்திரை வாங்கப் போகும் ஒவ்வொருவரும் காசை நீட்டுமுன், “மருந்தாளுநர் யார்?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்கிறவர்கள் பெருகினால், பதில் சொல்ல ஓர் ஆளைக் கடைக்காரர் வைத்துத்தான் ஆக வேண்டும்.