ஆடத்தானே மெஷின்?

வில்லியம்ஸ் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த 'மெடீவல் மேட்னஸ்' பின்பால் மெஷின்களின் எண்ணிக்கை சுமார் 4,000தான். பிரையன் எடி வடிவமைத்தது. ஆடுதளத்தின் நடுவே ஒரு கோட்டை. இரும்புக் குண்டு இடிக்க இடிக்கத் தொங்குபாலம் இறங்கும், கதவு திறக்கும், கடைசியில் கோபுரங்கள் ஆட்டம் கண்டு சரியும். அந்த நொடிக்காகவே அமெரிக்காவில் இன்றும் அசலுக்குப் பெரும்பணம் கொடுக்கிறார்கள்.

சிகாகோ கேமிங் நிறுவனம் 2015 முதல் அதை மறுதயாரிப்பாக விற்கிறது. வீட்டில் ஆடுவதற்குத்தான் வேண்டுமென்றால் தயங்காமல் இதையே வாங்குங்கள். விதிகளும் கோட்டையும் அதேதான். உள்ளே மின்பலகைகள் புதியவை, விளக்குகள் எல்இடி. அசலிலோ ஆரஞ்சுப் புள்ளித்திரை மங்கும். மாற்ற மறந்த பென்சில் பேட்டரி கசிந்து பலகையையே அரித்துவிடும். சால்டரிங் செய்யத் தெரிந்தவருக்கு அதெல்லாம் ஆசையான வேலை. அசல் அவரிடம் போய்ச் சேரட்டும். விலை ஏறட்டும் என்று வாங்கி, சுவிட்சே போடாமல் மூடிவைப்பவர்மீதுதான் எனக்குக் கோபம். அசல் வாங்கியே தீருவேன் என்பவர், முதலில் பின்பெட்டியைத் திறந்து அந்தப் பேட்டரி இருக்கும் இடத்தைப் பார்க்கட்டும். பச்சை பூத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.