செயல்பாட்டு மேலாண்மையில் முனைவர் பட்டம்: நம் வீடுகள் கவனிக்காத ஒரு கல்வி

நம் வீடுகளில் பிள்ளையொருவர் பிஎச்.டி. படிக்க விரும்புவதாகச் சொன்னால் எழும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை வருடம்?" என்பதே. அடுத்த கேள்வி, "முடித்தால் கல்லூரி வாத்தியார் வேலைதானே?" என்பது. அவர் தேர்ந்தெடுத்திருக்கும் துறை செயல்பாட்டு மேலாண்மை என்று தெரிந்தால் மூன்றாவதாக ஒன்றும் வரும்: "சரக்கு வாங்கவும் விற்கவும் ஆராய்ச்சி வேறு வேண்டுமா?" தலைமுறை தலைமுறையாகத் தோல் மண்டியும் ஜவுளிக் கடையும் மளிகைக் கடையும் நடத்தி வந்த சமுதாயம் நாம். இக்கேள்வியை நாம் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் வேறெவரையும்விட இத்துறையின் அருமையை எளிதில் உணரக்கூடியவர்களும் நாமே என்பது எமது உறுதியான கருத்து.

முதலில் இத்துறை எதைப் பற்றியது என்று பார்ப்போம். ரமளானில் அஸருக்குப் பிறகு நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல் முன் தூக்குவாளியுடன் நிற்கும் வரிசையை எண்ணிப் பாருங்கள். நிமிடத்திற்கு 10 பேர் வருகிறார்கள். ஒருவர் வந்து சேர்ந்தது முதல் கஞ்சி பெற்றுத் திரும்பும் வரை சராசரியாக 6 நிமிடம் ஆகிறது. அப்படியானால் வாசலில் சராசரியாக 60 பேர் நின்றுகொண்டிருப்பார்கள். காத்திருப்பை 3 நிமிடமாகக் குறைத்தால் கூட்டம் 30 ஆகிவிடும். பந்தலைப் பெரிதாக்க வேண்டியதில்லை, ஊற்றுபவர் இன்னொருவரை நிறுத்தினால் போதுமானதாக இருக்கலாம். இந்த எளிய உறவை 1961-இல் கணித முறையில் நிரூபித்தவர் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1909-இல், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்பவர், வந்து குவியும் அழைப்புகளைக் கணக்கிடும் முயற்சியில் வரிசைக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டார். ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்கினால் செலவு மிகக் குறையும் என்ற சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் வெளியிட்டார். சரக்கு இருப்பு, வரிசை, போக்குவரத்து, உற்பத்தி, மருத்துவமனைப் படுக்கைகள் என எங்கெல்லாம் பொருளோ மனிதரோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்கிறார்களோ, அங்கெல்லாம் இக்கல்விக்கு வேலை உண்டு.

கல்வியின் சிறப்பைச் சொல்ல நம் மேடைகளில் சீனாவைக் குறிப்பிடும் அந்தப் புகழ்பெற்ற செய்தியையே மீண்டும் மீண்டும் முழங்குகிறோம். அது பலவீனமான செய்தி என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். நமக்கு அது தேவையும் இல்லை. திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயமே போதுமானது. எகிப்து மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்ன யூசுஃப் (அலை) அவர்கள், பஞ்சம் வரும் என்று எச்சரித்ததோடு நின்றுவிடவில்லை. செழிப்பான ஏழு ஆண்டுகளிலும் தொடர்ந்து பயிரிட வேண்டும், உண்பதற்கு வேண்டிய சிறு பகுதி போக மீதியைக் கதிரிலேயே விட்டுவைக்க வேண்டும், அடுத்த ஏழு ஆண்டுகளில் அதையே உண்டு விதைக்கும் ஒரு பகுதியைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று முழுத் திட்டத்தையும் வகுத்துக் கொடுத்தார்கள். பின்னர் நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்டபோது, தம் தகுதியாக இரண்டை எடுத்துரைத்தார்கள்: பேணிக் காக்கும் பண்பு, அறிவு. நேர்மை மட்டும் இருந்தால் போதும், கணக்கு தெரியாவிட்டால் பரவாயில்லை என்று அந்த நபி கருதவில்லை. நம் அறக்கட்டளைகளும் பைத்துல்மால்களும் நடத்தப்படும் விதத்தை நோக்கும்போது முதல் தகுதியைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில்லை என்றே தோன்றுகிறது.

இந்த அறிவு உயிர் காக்கும் அறிவும் ஆகும். 2006 ஜனவரியில் மினாவில் ஜமராத் பாலத்தருகே ஏற்பட்ட நெரிசலில் 340-க்கும் மேற்பட்ட ஹாஜிகள் உயிரிழந்தார்கள். அந்நிகழ்வின் ஒளிப்பதிவுகளை டிர்க் ஹெல்பிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நுணுகி ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டியதும் மனிதர்கள் தம் விருப்பப்படி நடப்பது நின்றுபோய், நீரின் கொந்தளிப்பைப் போல எல்லாத் திசைகளிலும் தள்ளப்படுகிறார்கள் என்பதை அவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பழைய பாலம் அகற்றப்பட்டுப் பல அடுக்குப் பாலம் எழுந்தது. எந்தக் குழு எந்த நேரத்தில் எந்த வழியாகக் கல்லெறியச் செல்ல வேண்டும் என்ற கால அட்டவணையும் வகுக்கப்பட்டது. ஆயினும் 2015-இல் மீண்டும் துயரம் நேர்ந்தது. இம்முறை பாலத்தில் அன்று, பாலத்தை நோக்கிச் செல்லும் 204, 223 எண் தெருக்கள் சந்திக்கும் இடத்தில். சவூதி அரசின் கணக்கில் இறந்தோர் 769; நாடுகள் தனித்தனியே அறிவித்த எண்ணிக்கையைக் கூட்டினால் அது 2,000-ஐத் தாண்டும். ஓரிடத்தின் நெருக்கடியைத் தீர்த்தால் அது அடுத்த இடத்தில் தலைகாட்டக்கூடும் என்பது செயல்பாட்டு மேலாண்மை மாணவர் முதல் பருவத்திலேயே கற்கும் பாடம். கத்ரின் மீது ஈமான் கொண்டவர்கள் நாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பிக்கப்பட்டவர்களும் நாமே.

மக்காவுக்குச் செல்வானேன்? நம் ஊர்களிலேயே ஆய்வுக்காகக் காத்திருக்கும் பொருள்கள் ஏராளம். குர்பானித் தோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஹனஃபி மத்ஹபில் 3 நாட்கள், ஷாஃபி மத்ஹபில் 4 நாட்கள். இதற்குள் ஆண்டின் பெரும் வரத்து ஒன்று நாடெங்கும் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. அறுத்த சில மணி நேரத்திற்குள் உப்பிடாவிட்டால் தோல் கெடத் தொடங்கிவிடும். வண்டி இல்லை, உப்பு போதவில்லை, ஆள் இல்லை, பேரம் பேசும் வலிமையும் இல்லை. ஒருகாலத்தில் மதரஸாக்களின் ஆண்டு வருவாயில் முக்கிய பங்கு வகித்த தோல், விலை வீழ்ச்சிக்குப் பின் பல ஊர்களில் ஏற்றிச் செல்லும் கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் போயிற்று. உலகச் சந்தையின் விலையை நாம் மாற்ற முடியாது என்பது உண்மையே. ஆனால் எந்தெந்த ஊர்களில் சேகரிப்பு மையம் அமைப்பது, எத்தனை வண்டிகளை எந்த வழியில் அனுப்புவது, முன்கூட்டியே எவ்வளவு உப்பு இருப்பு வைப்பது என்பனவெல்லாம் கணக்கிட்டுத் தீர்க்கக்கூடிய கேள்விகள். ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் தோல் பதனிடும் ஊர்கள். அத்தொழிலில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளையைவிட இதை ஆராயத் தகுந்தவர் யார்?

மார்க்கச் சட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்விகளும் இருக்கின்றன. பதுக்கல் செய்பவன் பாவி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ளது. வணிகத்திற்குத் தேவையான பாதுகாப்பு இருப்பு எங்கே முடிகிறது, விலையேற்றத்திற்காகத் தேக்கும் பதுக்கல் எங்கே தொடங்குகிறது? உணவுப் பொருளைக் கைவசப்படுத்தும் முன் விற்கக் கூடாது என்ற நபிமொழியும் நாம் அறிந்ததே. சரக்கைக் கண்ணாலும் காணாமல், இணையத்தில் ஆர்டர் பெற்று, மூன்றாம் நபரின் கிடங்கிலிருந்து வாடிக்கையாளருக்கு நேரே அனுப்பும் டிராப்ஷிப்பிங் வணிகத்தில் நம் இளைஞர்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். அதன் எந்தக் கட்டத்தில் ‘கைவசம்’ ஏற்படுகிறது என்று கேட்டால் ஆலிமுக்கு விநியோகச் சங்கிலி தெரியாது. மேலாண்மை பயின்றவருக்கு ஃபிக்ஹ் தெரியாது. சரக்கு இருப்புச் சூத்திரத்தில் தேக்கிவைக்கும் செலவைக் கணக்கிடும்போது வட்டி விகிதத்தைச் சேர்ப்பது பாடநூல் வழக்கம். வட்டியை விலக்கி நடக்கும் ஒரு வணிகர் அவ்விடத்தில் எதை வைத்துக் கணக்கிடுவது? இது முனைவர் ஆய்வுக்கே உரிய கேள்வி. இதைக் கேட்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குத்தான் தோன்றும்.

இனி பணத்தைப் பற்றி. எம்பிஏ படிப்புக்கு இலட்சக்கணக்கில் செலவாகும். அதற்காக வட்டிக்குக் கல்விக் கடன் வாங்கலாமா என்று கேட்டு நம் இளைஞர்கள் தடுமாறுகிறார்கள். முனைவர் படிப்பின் நிலை வேறு. பெரும்பாலான ஐஐஎம் நிறுவனங்களில் முழுநேர ஆய்வு மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை; மாதந்தோறும் உதவித்தொகையும் கிடைக்கும். 2011-இல் தொடங்கிய திருச்சி ஐஐஎம் நம் வாசலிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடியில் மேலாண்மைத் துறை இருக்கிறது. எம்பிஏ சேர்க்கைக்கான கேட் தேர்வு, பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வு (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன), யுஜிசி நெட் ஆகியவை இதற்கான வாயில்கள். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட அளவின்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். இதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஓபிசி பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. வட்டியின் நிழல்கூடப் படாமல் மிக உயர்ந்த பட்டத்தைப் பெறும் வழி இது என்பதை எத்தனை பெற்றோர் அறிவார்கள்?

ஒரு கதவு மூடப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. பிற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஜேஆர்எஃப் கிடைக்காத, ஐஐஎம் இடமும் கிடைக்காத, ஆனால் பல்கலைக்கழகம் ஒன்றில் நல்ல நெறியாளரைப் பெற்றிருக்கும் மாணவருக்கு அந்தத் தொகையே ஊன்றுகோலாக இருந்தது. அவர்களை இன்று தாங்குவோர் யார் என்ற கேள்விக்குச் சமுதாயம்தான் விடை சொல்ல வேண்டும்.

இக்கல்வி எளிதானது என்று எவரும் எண்ண வேண்டாம். நிகழ்தகவும் புள்ளியியலும் கணினி நிரலும் கட்டாயம் வரும். முதல் ஓரிரு ஆண்டு பாடங்களும் தகுதித் தேர்வும். அதன்பின் தனிமையான வேலை. ஒரு கட்டுரை மூன்று முறை திரும்பி வருவது சாதாரணம். நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளரே முக்கியம். அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்த பிறகே சேர வேண்டும். சம்பந்தம் பேசும்போது நாம் காட்டும் விசாரணையில் பாதி போதும். ஆய்வேட்டை விலைக்கு எழுதிக் கொடுப்பவர்களும் பணம் பெற்றுக் கட்டுரை வெளியிடும் போலி இதழ்களும் பெருகிவிட்டன. திருமண அழைப்பிதழில் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போட வேண்டும் என்பதற்காக அந்த வழியில் பெறும் பட்டம் மோசடியே. ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் இதற்கும் பொருந்தும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. முதுகலையில் முதலிடம் பெற்ற மகளிடம், "கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை விரும்பினால் படி" என்று சொல்லும் வாப்பாக்களின் கவலை நமக்குப் புரிகிறது. வயது கடந்துவிடுமே என்ற அச்சம் பொய்யன்று. ஆனால் திருமணமும் ஆய்வும் ஒன்றையொன்று விலக்கியே தீர வேண்டியவை அல்ல. 2022-ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகளின்படி முனைவர் ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு தளர்வு வழங்கலாம். மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. நிக்காஹ் பேசும்போதே படிப்பு தொடரும் என்பதை நிபந்தனையாக வைக்க மார்க்கத்தில் தடையில்லை. வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வைப்பது நல்லது. "படிக்கட்டும், பார்த்துக்கொள்வோம்" என்ற மாமியார் வீட்டு வாக்கு முதல் பிள்ளை பிறந்ததும் மறக்கப்படுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம்.

நம் ஜமாஅத்துகளும் வெளிநாடு வாழ் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுதோறும் கல்வி உதவி வழங்குகின்றன; அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் உதவிகள் பெரும்பாலும் இளங்கலையோடும் பொறியியலோடும் நின்றுவிடுகின்றன. நூறு மாணவர்களுக்கு ஐயாயிரம் வீதம் மேடையில் வழங்கினால் புகைப்படம் நிறைவாக இருக்கும். ஒரே ஓர் ஆய்வு மாணவருக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மாத உதவி வழங்குவதில் அந்தப் பொலிவு கிடைக்காது. ஜகாத் நிதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஸதகா நிதியிலும் வக்ஃப் வருவாயிலும் அந்தச் சிக்கல் இல்லை. நூறில் ஐந்து பேரின் தொகையைச் சேர்த்தால் ஒருவருக்கு இரண்டு மாதச் செலவு தேறும். ஊருக்கு ஒன்றாக இயலாவிட்டால் மாவட்டத்திற்கு ஒருவர் என்று தொடங்கலாம். உதவி பெறுபவர் தம் ஆய்வின் ஒரு பகுதியை ஊரின் தேவை ஒன்றுக்கு, குர்பானித் தோலுக்கோ மருந்தகத்தின் இருப்புக்கோ கஞ்சி வரிசைக்கோ, ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதும் முறையே. கேட் தேர்வு நவம்பரில் நடைபெறும். விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். அடுத்த கல்வி உதவி விண்ணப்பத்தை அச்சிடக் கொடுக்கும் முன், ‘இளங்கலை, முதுகலை’ என்னும் இரு கட்டங்களுக்கு அருகில் ‘முனைவர் ஆய்வு’ என்று மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்க்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.