கோமாளிப் படையின் கௌரவம்

கட்டைவிரலின் முதற்கணு அளவே உயரமுள்ள பொம்மை வீரர்களை வார்த்து விற்பதையே தொழிலாகக் கொண்டு, 2024ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் தலையாய நூறு நிறுவனங்களின் வரிசையில் இடம்பிடித்துவிட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்னும் நாட்டிங்ஹாம் நகரத்துக் கம்பெனியைப் பற்றி நம்மவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. சூப்பர்மேன் வேடத்தில் நடித்த ஹென்றி காவில் ஓய்வு நேரத்தில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர் என்ற செய்தியை வேண்டுமானால் சிலர் படித்திருக்கலாம். அவர் தீட்டுவது இந்தக் கம்பெனியின் பொம்மைகளைத்தான்.

இந்தப் பொம்மைகளைக் கொண்டு மேசைமீது நடக்கும் யுத்தத்தின் வம்சாவளி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைச் சேனையைப் பலகையில் நிறுத்திய நமது சதுரங்கம், பாரசீகத்தின் வழியாக ஐரோப்பாவைச் சென்றடைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், 1780ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரத்து ஹெல்விக் என்பவர் அதன் கட்டங்களைப் பெருக்கி, நிலத்தின் தன்மைகளையும் பீரங்கிகளையும் அதில் புகுத்தி, ஒரு யுத்த விளையாட்டை வகுத்தார். 1824இல் பிரஷ்ய ராணுவத்தின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ், கட்டங்களை விடுத்து நிலப்படத்தின்மேல் பகடை கொண்டு படை நடத்தும் முறையைத் தம் மேலதிகாரிகளுக்குக் காட்டி அவர்களைப் பிரமிக்க வைத்தார். 1913இல் நாவலாசிரியர் ஹெச்.ஜி. வெல்ஸ், யுத்தத்தை வெறுத்தவராயிருந்தும், ஈயச் சிப்பாய்களையும் வில்விசைப் பீரங்கியையும் வைத்துக்கொண்டு வளர்ந்த மனிதர்கள் தரையில் தவழ்ந்து விளையாடுவதற்கான விதிகளை ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகமாகவே எழுதினார். நிஜப் பீரங்கிகள் முழங்க அப்போது ஓராண்டுதான் பாக்கி இருந்தது.

இந்தப் பரம்பரையில் 1983ஆம் ஆண்டு பிறந்தது இந்தக் கம்பெனியின் வார்ஹேமர் விளையாட்டு. பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி என்ற மூவர், சரித்திரப் படைகளை ஒருபுறம் வைத்துவிட்டு, எல்ஃப்கள், குள்ளர்கள், ஓர்க்குகள், கோப்ளின்கள் போன்ற கற்பனை ஜாதிகளை ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் வலிமைக்கேற்பப் புள்ளிக் கணக்கு உண்டு. ஆடுகிற இருவரும் முன்பே பேசிக்கொண்ட அளவுக்கு, உதாரணமாக 2,400 புள்ளிக்கு, மிகாமல் தத்தம் சேனையைத் திரட்டி வந்து, அங்குல நாடாவால் அளந்து அணிகளை நகர்த்தி, பகடை உருட்டி ஜயாபஜயத்தை நிர்ணயம் செய்வார்கள். பந்தயமென்றால் பெரும்பாலும் சனி, ஞாயிறு இரண்டு நாள். ஐந்து அல்லது ஆறு ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் போலாகும். வென்றவர் வென்றவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றில் மோதுவார்கள்.

இத்தகைய பந்தயத்துக்குச் செல்லுகிறவன் எந்தப் படையை எடுத்துச் செல்லவேண்டும் என்பதே இங்கே நான் எடுத்துக்கொண்ட விஷயம். விதிப்புத்தகங்கள் ஒரே நாளில் ஒரே கையால் எழுதப்பட்டவையல்ல. ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு புத்தகம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருஷத்தில் வந்தது. ஆகவே ஏதேனும் ஒரு படை மற்றவற்றைவிட விஞ்சி நிற்பது தவிர்க்க முடியாததாகிறது. 2008ஆம் ஆண்டு வெளிவந்த, டீமன் என்னும் அசுர ஜாதியின் படைப் புத்தகம் இதற்குப் பிரசித்தமான உதாரணம். அதன் பலத்தைப் பொறுக்கமாட்டாமல் ஐரோப்பாவில் பந்தயம் நடத்தியவர்கள் தாமாகவே அதற்குக் கடிவாளம் போடும் விதிகளை வகுக்க நேர்ந்தது. எது வெல்லும் என்பது தெரிந்துவிட்டால், சென்ற மாதம் வென்றவனுடைய பட்டியலை எழுத்துப் பிசகாமல் நகலெடுத்து, அதற்கு வேண்டிய பொம்மைகளை வாங்கியோ இரவல் பெற்றோ வந்துவிடுவோர் கூட்டம் எங்கும் உண்டு. அப்படிப்பட்ட மண்டபத்தில் மேசைக்கு மேசை நடந்து பார்த்தால், அதே கவசக் குதிரைப்படை, அதே பறக்கும் அசுரன், அதே மந்திரவாதி. வர்ணம் மாத்திரம் வேறு.

அந்த மண்டபத்துக்குள், ஓர்க் ஒருவன்கூட இல்லாமல் வெறும் கோப்ளின்களை மட்டும் இரண்டு மரத்தட்டுகளில் நிரப்பிக்கொண்டு ஒருவர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்ளின் என்பது ஓர்க்கின் சின்னத் தம்பி; மெலிந்தவன், பச்சைத் தோலன், பரம கோழை. தந்திரசாலி என்று தன்னைப் பற்றி அவனுக்கே ஓர் அபிப்பிராயம். விளையாட்டு விதிகளின் எட்டாம் பதிப்புக் கணக்கில் ஒரு கவசக் குதிரை வீரனுக்கு 40 புள்ளி என்றால் கோப்ளினுக்கு 3. இருநூற்றுக்கு மேற்பட்டோரைத் திரட்டினாலும் அவர்கள் எல்ஃப்களைக் கண்டமாத்திரத்தில் நடுங்குவார்கள் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. பகைவன் இருக்கட்டும், தங்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது: ஒவ்வொரு முறையும் அணிக்கு ஒரு பகடை உருட்டவேண்டும், 1 விழுந்தால் அந்த அணி தன்னுள் சச்சரவிட்டு உத்தரவை மறந்துவிடும். தோல் இறக்கையைக் கட்டிக்கொண்டு கவண்பொறியில் ஏறியமர்ந்து, தன்னையே குண்டாக எறியச் சொல்லும் ஒரு மகானும் இந்தச் சேனையில் உண்டு.

ஆனால் இவர்கள் நடுவே ஒளிந்திருக்கும் ஃபனாட்டிக் என்பவனைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். கறுப்பு முக்காடிட்ட இரவுக் கோப்ளின் அணி ஒன்றுக்குள், காளானைத் தின்று மதிமயங்கி, தம்மைவிடப் பெரிய இரும்புக் குண்டைச் சங்கிலியில் கட்டிச் சுழற்றுகிறவர்கள் மூவர்வரை மறைந்திருக்கலாம்; எந்த அணியில் எத்தனை பேர் என்பது எதிராளிக்குத் தெரியாது. பகைவன் 8 அங்குலத்துக்குள் வந்த கணத்தில், அது யாருடைய முறையாக இருந்தாலும், அவர்களை வெளியே தள்ளவேண்டும். இரண்டு பகடை காட்டும் தூரம் சுழன்று சென்று, குறுக்கே நிற்பவரைக் கவசத்தோடு நசுக்குவார்கள். அதற்கப்புறம் அவர்கள் எந்தத் திக்கில் போவார்கள் என்பதைத் தளபதியும் அறியான். திக்குக் காட்டும் பகடைதான் அறியும். திரும்பித் தம் படைக்குள்ளேயே பாய்ந்து நாசம் விளைவிப்பதும் உண்டு. இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தால் சங்கிலி கழுத்தில் சுற்றிக்கொள்ள ஆசாமி அங்கேயே முடிந்தான். எதிரே நிற்பவரோ, அதுவரை விரைந்து பாய்ந்து வெல்வதையே பழகி வந்த தம் குதிரைப்படையை 9 அங்குலத்தில் நிறுத்திவிட்டு, அந்த முக்காட்டுக் கூட்டத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார். ஒருவேளை அந்த அணிக்குள் ஒருவனும் இல்லாமலே இருக்கலாம். அந்தத் தயக்கத்துக்கு எந்தப் பட்டியலிலும் புள்ளிக் கணக்கு போடப்படவில்லை.

எல்லோரும் எடுக்கும் படையோடு வருகிறவன் எல்லோரும் கற்ற பாடத்தையே ஒப்பிக்கிறான். அதற்கு விடை எதிராளிக்கும் மனப்பாடம். எவரும் எடுக்காத படையைக் கொண்டு வருகிறவனோ, தன்னையும் தன் எதிராளியையும் முதல் அசைவிலிருந்தே யோசிக்கச் செய்கிறான். சதுரங்கத்தில் இதற்கு மறக்கவொண்ணாத ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1980ஆம் ஆண்டு ஸ்வீடனின் ஸ்காரா நகரில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில், அப்போது உலக சாம்பியனாயிருந்த கார்ப்பொவ் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும், இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் பலகையின் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். பார்த்தவர்கள் சிரித்தாலும் வியப்பில்லை. அறியாச் சிறுவன் செய்வது போன்ற ஆட்டம் அது. மைல்ஸ் வென்றார். அந்த ஓரத்துச் சிப்பாயின் பலத்தால் வென்றார் என்று நான் சொல்லவரவில்லை. அதற்குப்பின் வந்த ஆட்டம் முழுவதையும் மனப்பாடத்தின் துணையின்றி ஆடவேண்டிய நிலைமைக்கு இருவரும் வந்தார்கள், அதில் மைல்ஸ் அன்று மேலாக ஆடினார், அவ்வளவே.

இதற்கு ஆட்சேபம் சொல்கிறவர்களின் கட்சியையும் கேட்கவேண்டும். பந்தயம் என்று வந்தபின் வெல்வதற்காக வருவதே தர்மம். பலவீனமான படையோடு வந்து தோற்றுவிட்டு, “நான் ரசிகன், நீ கணக்கன்” என்று மூக்கை உயர்த்துவது ஒருவிதக் கர்வமேயாகும் என்கிறார்கள். இதில் பெருமளவு உண்மை இருக்கிறது. இருநூறு மைல் பிரயாணம் செய்து, ஹோட்டலுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் பணம் கொடுத்து வந்த எதிராளிக்கு, ஆட்டமே இல்லாத ஒரு வெற்றியைப் பிச்சையாக இடுவது மரியாதையன்று. கோமாளிப் படையை எடுப்பவன் மற்றவர்களைவிட அதிகமாகத் தயார் செய்துகொண்டு வரக் கடமைப்பட்டவன். தன் விதிகளைப் புத்தகம் புரட்டாமல் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். இருநூறு பொம்மைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எதிராளியின் நேரத்தைத் தின்னாமல், அணி அணியாகத் தட்டில் வைத்து நகர்த்தவேண்டும். இருநூற்றுக்கும் வர்ணம் தீட்டியிருக்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை சாமானியமானதன்று. இருபது குதிரை வீரர்களைத் தீட்டுவது சில வாரத்து வேலை. இருநூறு முக்காடுகளுக்குக் கறுப்பும், இருநூறு மூக்குகளுக்குப் பச்சையும், நானூறு கண்களுக்கு மூன்று மயிர் கொண்ட தூரிகையால் சிவப்புப் புள்ளியும் வைத்து முடிப்பதற்குள் குளிர்காலம் ஒன்று கழிந்துவிடும். கொலுப் படியில் வைக்கும் செட்டியார் பொம்மையின் மளிகைக் கடையை வருஷாவருஷம் ஒழுங்கு செய்யும் பாட்டிமார்களுக்கு இந்தச் சிரத்தை இன்னதென்று சொல்லாமலே விளங்கும்.

பலமுள்ள படையைத் துரத்திச் செல்வதிலுள்ள லாபநஷ்டத்தைச் சரித்திரமும் ஒருமுறை கணக்குப் பார்த்துக் காட்டியிருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டு நடந்த அந்தப் பழைய வார்ஹேமர் விளையாட்டைக் கம்பெனி 2015ஆம் ஆண்டு நிறுத்தியது; கதையில் அந்த உலகத்தையே பிரளயத்தில் அழித்துவிட்டு, சதுரப் பீடத்தில் நின்ற பொம்மைகளின் இடத்தில் வட்டப் பீடத்துப் பொம்மைகளை நிறுத்தியது. வெற்றியின் பொருட்டே படை வாங்கியவர்களுக்கு அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது? தம் படையின்மேல் பாசம் வைத்தவர்களோ, பழைய விதிகளைக் கொண்டும், ரசிகர்களே கூடி எழுதிய ‘ஒன்பதாம் யுகம்’ போன்ற விதிகளைக் கொண்டும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். 2024 ஜனவரியில் கம்பெனி அந்தப் பழைய உலகத்தை மறுபடியும் உயிர்ப்பித்தபோது, ஒன்பது ஜாதிகளை மாத்திரம் முழு ஆதரவுக்கு எடுத்துக்கொண்டு, ஏழு ஜாதிகளுக்கு இலவசப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து ஒதுக்கி வைத்தது. ஒருகாலத்தில் ஒருவரும் நெருங்க முடியாதிருந்த டீமன்கள் ஒதுக்கப்பட்ட ஏழில் சேர்ந்தார்கள். ஓர்க்குகளும் அவர்களுடைய கோழைத் தம்பிகளும் ஒன்பதில் இருக்கிறார்கள்.

தரவரிசையின் கடைசியில் நிற்பவருக்கு மரக்கரண்டி ஒன்றைப் பரிசளிக்கும் வழக்கம் இங்கிலாந்துப் பந்தயங்களில் உண்டு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிதப் பரீட்சையிலிருந்து வந்த பரிகாசம் அது. தேறியவர்களில் கடைசியானவருக்கு அங்கே ஒருகாலத்தில் பெரிய மரக்கரண்டியைத் தந்துவந்தார்கள். 1909ஆம் ஆண்டோடு வரிசைப்படி பெயர் வெளியிடும் முறை அங்கே ஒழிந்தது. அந்தப் பரீட்சை முறையைக் கண்டித்துப் போராடியவர்களில் ஒருவர், தாமே ஒருகால் அதில் நான்காவதாக வந்த கணித அறிஞர் ஹார்டி. எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத நம் கணித மேதை ராமானுஜனை 1914இல் அதே கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவரும் அவரேதான். பந்தயக்காரர்கள் தரவரிசையை ஒழித்துவிட வேண்டும் என்பது என் கட்சியன்று. வரிசை இல்லாவிட்டால் பந்தயமே இல்லை. எதிராளியின் படை யோக்கியமானதா என்று ஆடுபவனையே மதிப்பெண் போடச் சொல்லும் ஏற்பாடும் எனக்குச் சம்மதமில்லை. தோற்ற கோபத்தில் பூஜ்யம் போடுகிறவனை எந்த விதியால் தடுப்பது?

வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு ஜாதிப் படையிலும் முதல்வராக வந்தவருக்கும், படையை அழகுற வர்ணம் தீட்டியவருக்கும், எல்லாரும் விரும்பி எதிர்த்து ஆடிய நல்ல ஆட்டக்காரருக்கும் தனித்தனிப் பரிசு கொடுக்கும் வழக்கம் பல பந்தயங்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் முதல் மூவரின் பெயரைப் படித்துக் கைதட்டி முடித்து, பாதிப்பேர் பொம்மைப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பியபின் அவற்றை அறிவிப்பதைப் பந்தயம் நடத்துகிறவர்கள் விடவேண்டும். கோப்ளின்களோடு வந்தவரின் பெயரை, மண்டபம் நிறைந்திருக்கும்போதே, முதலில் படியுங்கள்.