கறிவேப்பிலை கொட்டினால் சொம்பைத் தூக்காதீங்க

நவம்பர் வந்தா கர்க்லாண்ட் பக்கம் நம்ம வீடுகள்ல ஒரே கவலைதான். கோடை முழுக்க டெக்கில் தளதளன்னு நின்ன கறிவேப்பிலைச் செடியை உள்ளே கொண்டுவந்து வெச்சாச்சு. கொஞ்ச நாள்ல இலை மஞ்சளாகுது, தொட்டாலே கொட்டுது. பாவம், தாகமா இருக்கும்னு ஒரு சொம்பு தண்ணி ஊத்துறோம். மறுநாள் இன்னொரு சொம்பு. பல செடிகளுக்கு எமன் குளிர் இல்லை, இந்தச் சொம்புதான்.

செடிக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். இலையின் அடிப்பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருக்கு. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர்றதும் நீராவி வெளியே போறதும் பெரும்பாலும் அந்த வழியாத்தான். ஹீட்டர் ஓடுற வீட்டுல காற்று காய்ஞ்சு கிடக்கும், இலை நீரை வேகமா இழக்கும். அப்போ செடி அப்சிசிக் அமிலம்ங்கிற ஹார்மோனை அதிகமா சுரக்குது. துளையின் ரெண்டு பக்கமும் இருக்கும் காவல் செல்களுக்கு அந்தச் செய்தி போனதும், அவை பொட்டாசியத்தையும் தண்ணியையும் வெளியே விட்டுச் சுருங்கும். சில நிமிஷத்துல துளை மூடிடும்.

கதவை மூடினா நீர் மிஞ்சும், ஆனா உணவு தயாரிப்பும் குறையும். அதனால புதுத் தளிர் நின்னுபோகும். கிடைக்கிற கொஞ்ச சக்தியில வேரை மட்டும் காப்பாத்தப் பார்க்கும். நம்ம கம்ப்யூட்டர் பாஷையில சொன்னா, செடி சேஃப் மோடுக்குப் போயிருக்கு.

இந்த ஹார்மோனுக்குப் பேர் வெச்சது நம்ம வீட்டிலிருந்து ரெண்டு மணி நேர டிரைவ்ல இருக்கும் ஒட்டாவாவுலதான். 1960-களில் கலிபோர்னியாவில் ஃபிரெடரிக் அடிகாட் குழு, பருத்திக் காய் உதிர்வதை ஆராயும்போது இதைக் கண்டுபிடிச்சது. வேல்ஸில் பிலிப் வேரிங் குழு, மேப்பிள் இனத்தைச் சேர்ந்த சைக்கமோர் மரத்தின் மொட்டு எப்படி உறங்குதுன்னு தேடி இதையே பிடிச்சது. ரெண்டும் ஒண்ணுன்னு 1965-ல் தெரிஞ்சது. 1967-ல் ஒட்டாவாவில் நடந்த மாநாட்டில், ‘உதிர்தல்’ங்கிற பொருள் வர்ற மாதிரி ஒரே பேரை முடிவு பண்ணாங்க.

பேர் அப்படி அமைஞ்சாலும், காம்பை நேரடியா வெட்டிவிடுறது பெரும்பாலும் எத்திலீன்ங்கிற வேறொரு ஹார்மோன். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கிறதும் அதேதான். அப்சிசிக் அமிலத்தோட முக்கிய வேலை வறட்சியைத் தாங்குறதும், விதையை நேரம் வரும்வரை முளைக்காம வைக்கிறதும்.

வெளிச்சத்தையும் சேர்த்துப் பாருங்க. டிசம்பர்ல சென்னையில பகல் 11 மணி நேரத்துக்கு மேல. இங்கே 9 மணி நேரம்கூட இல்லை. வெயிலுக்குப் பழகின அத்தனை இலையையும் வெச்சுக் காப்பாத்த செடிக்குக் கட்டுப்படியாகாது. இலையும் குறைஞ்சு, துளையும் மூடினப்புறம் தண்ணி எங்கே செலவாகும்? நாம ஊத்துறது தொட்டியிலேயே தேங்கி, வேர் மூச்சுவிட முடியாம அழுகும். அழுகின வேர் நீரை உறிஞ்சாது, அதனால செடி இன்னும் வாடும். அதைப் பார்த்து நாம இன்னும் ஊத்துவோம்!

அதனால, ராத்திரி வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன்னே செடியை உள்ளே கொண்டுவந்துடுங்க. தெற்குப் பார்த்த ஜன்னல் நல்லது. மேல்மண்ணுல விரலை ரெண்டு இன்ச் விட்டுப் பாருங்க. காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. மார்ச் வரைக்கும் உரம் வேண்டாம், உறங்குற பிள்ளையை எழுப்பிச் சோறு ஊட்டுற மாதிரி அது. மொட்டையா நின்னாலும் குப்பையில போடாதீங்க. தண்டை நகத்தால லேசா சுரண்டுங்க, உள்ளே பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. பகல் நீளும்போது தளிர் வர்றதுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. அதுவரை ரசத்துக்குக் கடையில வாங்கிக்கலாம்.