மென்பொருட் கல்வியும் குற்றாலத்து வெள்ளமும்

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவனொருவனை வாரிக்கொண்டு போயிற்று. மலைமேற் பெய்யும் மழையை அடிவாரத்தில் நீராடுவோர் அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடுவதையே நமது சர்வகலாசாலை மாணாக்கர்க்குப் பாடமாக வைத்தாலென்ன என்று கேட்கிறோம்.

மென்பொருட்கலை பயில்வோரிற் பலர், இல்லாத கடைக்கும் கற்பனை நூல்நிலையத்துக்கும் கணக்கு வகுத்துப் பரீட்சை தேறுகின்றனர். அதிற் பிழை நேரின் எவருக்கும் நஷ்டமில்லை. ஆதலின் பொறுப்பும் பிறப்பதில்லை. சர்க்கார் சேகரித்து யாவருக்கும் திறந்துவிடும் மெய்யான தரவோ அத்தகையதன்று. ஒருநாள் மழையளவு விடுபட்டிருக்கும். குற்றாலத்தின் பெயர் ஆங்கிலத்திற் பலவாறு எழுதப்பட்டு, மயிலாடுதுறை ஜில்லாவிலுள்ள குத்தாலத்தோடு மயங்கும். அவற்றைச் சீர்செய்து, சோதித்து, பின்வருவோர் தொடர்ந்து நடத்துமாறு குறிப்பெழுதி வைப்பதே இவ்வித்தையின் உயிர்நாடி.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி, பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரைக் காரியத்தின் வாயிலாகவே பயிற்றி உத்தியோகத்தில் அமர்த்துகிறது. ஒரு கம்பெனிக்கு இயன்றது மனோன்மணீயம் சுந்தரனார் சர்வகலாசாலைக்கு இயலாதோ?

தரவுகளைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடும் கொள்கையை இந்திய சர்க்கார் 2012-லேயே வகுத்தது. அதற்கிணங்க, குற்றால மலையின் மழையளவையும் அருவிகளின் நீர்மட்டத்தையும் யாவரும் எடுத்தாளும் வண்ணம் மணிக்கு மணி வெளியிடுமாறு ஜில்லா அதிகாரிகளை வேண்டுகிறோம். மாணாக்கர் இயற்றும் கருவி அதிகாரிகளின் எச்சரிக்கைக்கு ஈடாகாது. ஆயினும் அதற்குத் துணையாகும். ஜனங்களின் வரிப்பணத்தாற் சேர்ந்த விவரம் ஜனங்களின் உயிரைக் காக்கட்டும்.