நிமெசுலைடு தடைக்குப் பிறகும் நீங்காத ஆபத்து

100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நிமெசுலைடு வலி மாத்திரைகளுக்கு 2025 டிசம்பர் இறுதியில் மத்திய அரசு தடை விதித்தது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-லேயே தடை வந்துவிட்டது. ஆனால், 100 மி.கி. மாத்திரை இன்றும் விற்பனையில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது மட்டும் ஆபத்தில்லையா?

நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்டு பார்த்து ஓய்வுபெற்ற அத்தாவை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான். சில நேரம் அதே மாத்திரையில் நீர் பிரியச் செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்திருக்கும். இரண்டு மருந்து சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை மூன்றாவதாகச் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து, அது திடீரெனச் செயலிழக்கவும் கூடும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எதுவானாலும் இதே கதைதான். நோன்பில் உடம்பில் நீர் வற்றும்போது ஆபத்து இன்னும் கூடும்.

மில்லிகிராமைக் குறைக்கும் தடை இந்தச் சேர்க்கையைத் தொடவே இல்லை. அதைக் கவனிக்க வேண்டியது சீட்டு கேட்காமல் விற்கும் கடையும், வாங்கி வரும் நாமும்தான். பயந்துபோய் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு. வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கிரியாட்டினின் கடைசியாக எப்போது பார்த்தது என்பதையும் கேளுங்கள்.